சார் வெளியூர் போயிருக்கார்

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். உள்ளே ஏதோ கனன்றது, பேனா தானாக நகர்ந்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் போன் வந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் இருந்த தண்ணீருக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மகளிர் சிறப்பிதழுக்கு ஒரு கதை வேண்டுமாம். விஷயத்தையும் அவரே கொடுத்தார்: சொந்தமாகத் தொழில் தொடங்கும் பெண்கள். "இப்ப நிறையப் பேர் துணிஞ்சு இறங்கறாங்க. அந்த எழுச்சி கதையில வரணும். ஒரு தடை, கொஞ்சம் கண்ணீர், அப்புறம் வெற்றி. முடியும்போது காலை வெயில் அடிச்சா நல்லா இருக்கும்" என்றார். கூடவே இரண்டு பக்கத்துக்குப் புள்ளிவிவரமும் அனுப்பிவைத்தார்.

(அந்தப் போன் பேச்சில் ஒரு பகுதியை இங்கே விட்டுவிட்டேன். அதில் நான் அவ்வளவு நல்லவனாகத் தெரியவில்லை. பின்னால் தருகிறேன்.)

2.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"அவள் ஜன்னலைத் திறந்தாள். புதிய வாழ்க்கையின் வெளிச்சம் அறை முழுவதும்" —

இங்கேயே நிறுத்திவிட்டேன். கதாநாயகியாக நான் மனதில் வைத்திருந்தது என் அக்காவை. அக்கா ஜன்னல்களுக்கு ஸ்க்ரீன் தைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறாள். வெளிச்சத்தை வெளியே நிறுத்திவைப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

"கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தையல் மெஷின் முன் அமர்ந்தாள். அவளுடைய மெல்லிய விரல்கள்" —

அக்கா மெஷினில் உட்கார்வதே இல்லை. அவள் துணி வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. விரல்களும் மெல்லியவை அல்ல. கண்ணீர் என்று பார்த்தால், அவள் அழுது நான் பார்த்தது ஒரே தடவை. சின்ன வயதில் எனக்கு முடி வெட்டிவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியபோது. அப்போதும் அடி வலித்து அழவில்லை, இடது பக்கம் கோணலாகிவிட்டதே என்று அழுதாள்.

சரி, அலங்காரம் வேண்டாம். இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கடைக்கு மேலே, மாடியில், நீளமாக ஒரு கூடம். நடுவில் வெட்டுகிற மேஜை. சுவரோரம் நான்கு மெஷின்கள், நான்கு பெண்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் ஓவர்லாக் என்றே கூப்பிடுகிறார்கள். துணியின் ஓரம் அடிப்பது அவர்தான். மூலையில் துணிச் சுருள்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல நாற்காலி, அதன் முதுகில் ஒரு கோட்டு.

அந்த நாற்காலியில் யாரும் உட்கார்வதில்லை. அது சாருடையது.

3.

சார் பிறந்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வீட்டுப் படுக்கையறையில். (தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அக்கா அப்போதுதான் தொழிலை ஆரம்பித்திருந்தாள். ஸ்டூல் மேல் ஏறி ஜன்னலை அளந்துகொண்டிருந்தபோது கீழே நின்ற வீட்டம்மா கேட்டார்: "சார் வரலையா? நீங்களே அளந்தா சரியா வருமா?"

அக்காவின் வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன. விளக்கிச் சொல்ல வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே, "சார் வெளியூர் போயிருக்கார்" என்றாள்.

வீட்டம்மாவின் முகம் தெளிந்துவிட்டதாம். ஆக, எங்கேயோ ஒரு சார் இருக்கிறார், ஊரில்தான் இல்லை. அக்கா எடுத்த அளவெல்லாம் அந்த நிமிஷமே சரியான அளவாகிவிட்டது.

மறு வாரம் அதே வீட்டம்மா, பத்து நாள் வேலையை நாலு நாளில் முடிக்கச் சொன்னார். முடியாது என்று அக்கா சொல்லியிருந்தால் மதியம் வரை பேச வேண்டி வந்திருக்கும். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று மாடிப்படிக்குப் போனாள். கைப்பையில் இருந்த பிஸ்கட்டை நிதானமாகத் தின்றாள். திரும்பி வந்து, "சார் ஒத்துக்கலைம்மா" என்றாள். "உங்க சார் ரொம்பக் கறார்" என்று வீட்டம்மா மரியாதையோடு அடங்கிப்போனார்.

அதன்பிறகு சார் தானாகவே வளர்ந்தார். சாருக்கு ஊதா நிறம் பிடிக்காது (ஊதாத் துணி சீக்கிரம் வெளுத்துவிடும்). ஞாயிற்றுக்கிழமை அவர் யாரோடும் பேசமாட்டார். சார் ஒன்று சொன்னால் சொன்னதுதான், பிரம்மாவே வந்தாலும் மாற்றமாட்டார். [இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் தடுக்கி விழப்போகிறது.]

கோட்டு மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். அவரையே சாராக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமாவுக்குப் பொய் சொன்னால் விக்கல் வரும். ஒரு தடவை போனை எடுத்து "சார்தான் பேசறேன்" என்று ஆரம்பித்தவர் தண்ணீர்ப் பானைக்குப் போனவர்தான். அந்த வாடிக்கையாளர் இன்னமும் சாரின் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார்.

உச்சக்கட்டம் துணி மொத்த வியாபாரி. ஒரு நாள் மாடியேறி வந்தவர், "நேத்து உங்க சாரை பஸ் ஸ்டாப்புல பார்த்தேன்மா. இளைச்சுப் போயிட்டார். கையைக் காட்டினேன், கவனிக்கலை" என்றார். அக்கா கத்தரியை நிறுத்தவில்லை. "அவருக்கு இப்ப கொஞ்சம் கண்ணு சரியில்லை" என்றாள்.

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலைப் பதிவு செய்துகொள்கிறேன். பதினைந்து வருடமாகக் கதை எழுதுகிறேன். நான் படைத்த ஒருத்தரையாவது யாராவது பஸ் ஸ்டாப்பில் பார்த்ததுண்டா? "பாத்திரங்களில் உயிர் இல்லை" என்று ஒரு விமர்சகர் எழுதினார். அக்காவின் பாத்திரத்துக்கோ புத்தாண்டு டைரி வருகிறது, கல்யாணப் பத்திரிகை வருகிறது.

* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர் அனுப்பிய புள்ளிவிவரத்தை நான் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் கணக்கெடுக்க வந்தார். உரிமையாளர் ஆணா, பெண்ணா என்று இரண்டு கட்டம். அக்கா துணியிலிருந்து தலையைத் தூக்காமல், பழக்கதோஷத்தில், "சார் வெளியூர் போயிருக்கார்" என்றாள். அவர் ஆண் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனவே தொழில் செய்யும் பெண்கள் இத்தனை பேர் என்று யார் சொன்னாலும் அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை மாடிகளில் எத்தனை கோட்டுகள் தொங்குகின்றனவோ, எனக்குத் தெரியாது.

4.

கதைக்கு விவரம் கேட்கத்தான் போன வாரம் அக்காவிடம் போனேன். அவள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஜன்னலைப் பார்க்கிற பார்வை அது.

"அந்தக் கோட்டைப் போட்டுப் பாருடா."

"எதுக்கு?"

"புதுசா ஒரு ஓட்டல் கட்டியிருக்காங்க. அறுபத்திரண்டு ரூம். இந்த வேலை கிடைச்சா பின்பக்கத்து ஹாலையும் எடுத்து இன்னும் ஆறு பேரை வைக்கலாம். பன்னெண்டு வருஷமா வீடு வீடா ஸ்டூல் ஏறிட்டிருக்கேன். இப்பத்தான் இப்படி ஒண்ணு வந்திருக்கு. ஆனா அந்த மேனேஜர் சாரை நேர்ல பார்க்காம முடிவு சொல்லமாட்டாராம்."

"நீதான் ஓனர்னு சொல்லிடேன்."

"இத்தனை வருஷம் கழிச்சா? அப்ப இவ்வளவு நாளா பொய்யான்னு கேட்பாங்க. ஆள் பொய்யின்னு தெரிஞ்சா அளவையும் சந்தேகப்படுவாங்க. எனக்கு இருக்கறதே அந்த அளவு ஒண்ணுதான்டா."

கோட்டு எனக்குச் சரியாக இருந்தது. தோள் மட்டும் கொஞ்சம் தொங்கியது. ஓவர்லாக் எழுந்து வந்து ஒரு மடிப்பு வைத்துக் குத்திவிட்டார். "வணக்கம் சார்" என்றும் சொன்னார். மற்ற மூன்று பேரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"நான் என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேசாதே. தலையை மட்டும் ஆட்டு."

கதை எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னது அக்காவின் தப்பு என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

5.

ஓட்டலில் பெயின்ட் வாசனை. மெத்தைகள் பிளாஸ்டிக் உறையோடு சுவரில் சாய்ந்து நின்றன. மேனேஜர் கையில் ஒரு கொத்துச் சாவி. அக்கா ஸ்டூலில் ஏறி அளந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துத் தலையாட்டினேன். மூன்று அறைகள் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

நான்காவது அறையில் மேனேஜர், "என்ன சார், நீங்க ஒண்ணுமே பேசமாட்டேங்கறீங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். ஜன்னல்தான் அறையின் முகம் என்றேன். தங்க வருகிறவர் முதலில் பார்ப்பது கட்டிலை இல்லை, ஜன்னலைத்தான் என்றேன். மேனேஜர் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். எனக்கு இப்படி ஒரு வாசகர் கிடைத்து வெகுநாளாயிற்று.

"அது சரி சார். மத்தவங்க எல்லாம் ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி கேட்கறாங்களே, ஏன்?"

ஸ்டூலின் மேல் அக்கா இருமினாள். பேச்சு நன்றாகப் போகிறது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு வீண்? ஜன்னல் எவ்வளவோ துணியும் அவ்வளவு. எங்க கம்பெனியில ஒரு சாண் துணியை வீணாக்கமாட்டோம்."

மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றவர்கள் கேட்டதில் பாதித் துணி, குலுக்கத்தானே செய்வார்.

[ஸ்க்ரீன் தொழிலில் முதல் பாடம் இது, எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மூடும்போது மடிப்பு மடிப்பாக விழும். அளவாக வெட்டினால் கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி தட்டையாகத் தொங்கும். இரண்டு பக்கமும் வெளிச்சம் கொட்டும். அறுபத்திரண்டு அறைகளிலும் அப்படித் தொங்கினால் அக்காவை அதன்பிறகு எந்த ஓட்டலும் கூப்பிடாது.]

"சார், அது வந்து…" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"சாரே சொல்லிட்டார்மா" என்றார் மேனேஜர். "சார் ஒண்ணு சொன்னா சொன்னதுதான், மாத்தமாட்டார்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா கட்டிய சுவர், அதில் அவளே முட்டிக்கொண்டாள்.

வெளியே வரும்போது மேனேஜர் என் தோளில் கை போட்டார். "அந்தம்மா டேப் பிடிக்கறது சுத்தமா இருக்கு சார். உங்ககிட்ட எத்தனை வருஷமா வேலை பார்க்கறாங்க?"

"ஏழு வருஷமா."

"விட்டுடாதீங்க. இந்த மாதிரி ஆள் கிடைக்காது."

"நல்ல பொண்ணுதான்" என்றேன். "கொஞ்சம் அவசரக்குடுக்கை."

இதை நான் ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோட்டுக்குள் போனதும் தானாக வந்தது. அக்கா எங்களுக்கு இரண்டடி பின்னால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் நான்கு ஸ்டாப் வரை அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தாவதில், "பன்னெண்டு வருஷம்" என்றாள். "ஏழுன்னு சொல்லிட்டே."

எனக்கு வெட்கமாக இருந்தது. துணி அளவு தப்பு என்று அவள் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது. அதை அடுத்த ஸ்டாப்பில் சொன்னாள்.

6.

(இந்தப் பகுதியை முதலில் வேறு மாதிரி எழுதினேன். தம்பி மறுபடி ஓட்டலுக்குப் போய், சாமர்த்தியமாகப் பேசி, எல்லாவற்றையும் சரி செய்துவிடுகிறான். நான்கு பக்கம். படித்துப் பார்த்தேன். மகளிர் சிறப்பிதழ்க் கதையில் அக்கா நான்கு பக்கமும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிழித்துவிட்டேன். நடந்தது கீழே.)

மறுநாள் காலையில் அக்கா வெட்டுகிற மேஜைக்கு முன் நின்று ஓட்டலுக்குப் போன் செய்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மெஷின்கள் நின்றன.

"சார், நேத்து எங்க சார் சொன்னது தப்பு. ரெண்டு மடங்கு துணி வேணும். இல்லேன்னா தொங்கிப் போயிடும்."

"உங்க சார் ஒத்துக்கிட்டாரேம்மா. நீங்க எப்படி மாத்துவீங்க?"

"அவரை வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

"யாரை? ஓனரையா?"

"அவர் ஓனர் இல்லை. நான்தான் ஓனர். பன்னெண்டு வருஷமா நான்தான். அளக்கறதும் நான், வெட்டறதும் நான், துணி வாங்கறதும் நான்."

"அப்ப நேத்து வந்தவர்?"

"என் தம்பி. கதை எழுதறவன்."

"அப்படியா" என்றார் மேனேஜர். வருத்தமாகத்தான் சொன்னார். "பேச்சு நல்லா இருந்துச்சு."

"பேச்சை ஜன்னல்ல தொங்கவிட முடியாது சார். உங்க நாலாவது ரூம் ஜன்னல் இடது பக்கம் அரை இன்ச் இறங்கியிருக்கு. மத்த யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்க சார்கிட்ட கேட்டுட்டு, நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டார்.

அக்கா போனை மேஜையில் வைத்தாள். "அவங்க சார் நிஜமாவே இருக்காரா, இல்லை அந்தாளும் படியில நின்னு பிஸ்கட் தின்னுட்டு வருவாரான்னு தெரியலையே" என்றாள்.

ஓவர்லாக் எழுந்துபோய் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, சார் நாற்காலியைத் தன் மெஷினுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு ரொம்ப நாளாக முதுகு வலி.

7.

இப்போது அந்த விட்டுப்போன பகுதி. ஆசிரியர் போன் செய்தபோது முதலில் நடந்த பேச்சு:

"மேடம் இருக்காங்களா?"

"வெளியே போயிருக்காங்க. சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

"நீங்க?"

"அவங்க வீட்டுக்காரர்."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. இந்தத் தடவை மேடம் போட்டோவும் வேணும். பெண் எழுத்தாளர்கள் பத்துப் பேரையும் அட்டையில போடறோம்."

மேடம் என்று யாரும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் என் பெயரில் அனுப்பிய ஏழு கதைகள் திரும்பி வந்தன. எட்டாவதை மனைவி பெயரில் அனுப்பினேன், அச்சாகிவிட்டது. அதிலிருந்து நான் மேடம். என் மனைவி பல் டாக்டர். என் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. நோயாளிகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கதையைப் பாராட்டுகிறார்களாம், என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளங்குவதில்லை. "என் பேர்ல எதை வேணும்னாலும் எழுதுங்க, எழுத்துப்பிழை மட்டும் விடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். போட்டோ கேட்கிறார்கள் என்றதும், "பல் தெரியற மாதிரி எடுங்க" என்றாள்.

இதை அக்காவிடம் சொன்னேன். ஒரு ஆறுதலுக்குத்தான். நாம் இரண்டு பேரும் ஒரே தொழில் செய்கிறோம் பார் என்றேன்.

"சாரை நான் எங்கேர்ந்து பிடிச்சேன்னு நினைக்கறே?" என்றாள் அக்கா. "உன் வீட்டுல உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் வந்துச்சு. மேடம் வெளியே போயிருக்காங்கன்னு நீ சொன்னே. சிரிப்பா இருந்துச்சு. மறு வாரம் ஸ்டூல் மேல நிக்கும்போது அதுதான் வாயில வந்துச்சு."

"என் மேடத்தால யாருக்கும் நஷ்டம் இல்லையே அக்கா."

"அட்டையில எத்தனை பேர்னு சொன்னே?"

"பத்து."

"பத்துல ஒண்ணு நீ. அந்த இடத்துக்குக் கதை அனுப்பிட்டு ஒருத்தி எங்கேயோ காத்துட்டு இருப்பா. நிஜமான ஒருத்தி." சாக்பீஸால் துணியில் நேராக ஒரு கோடு இழுத்தாள். "பொம்பளை அளந்தா நம்ப ஆள் இல்லைன்னு எனக்கு சார் வந்தார். உனக்கு என்னடா குறைச்சல்?"

8.

கதை இன்று காலை அச்சுக்குப் போக வேண்டும். நேற்று சாயங்காலமே முடிவுகளை எழுதிவைத்தேன். இன்று காலை அக்காவிடம் கொடுத்தேன். அவள் நீலச் சாக்பீஸோடு படித்தாள்.

முடிவு ஒன்று. ஓட்டல் வேலை கிடைக்கிறது. அறுபத்திரண்டு ஜன்னல்களிலும் காலை வெயில் அடிக்க, அக்கா —

அக்கா குறுக்கே கோடு போட்டாள். "வெயில் உள்ளே வந்தா வேலை சரியில்லைன்னு அர்த்தம்."

முடிவு இரண்டு. வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் தலை நிமிர்ந்து —

"தலை நிமிர்ந்தா எப்படி வெட்டறது?" மறுபடி கோடு.

முடிவு மூன்று. மேனேஜர் சொன்ன 'எங்க சார்' உண்மையில் ஒரு பெண். வெள்ளை நிறக் காரிலிருந்து இறங்கி —

இதற்கு அவள் கோடுகூடப் போடவில்லை. தாளை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தாள். மேஜை நின்றது.

"வேலை கிடைச்சா ஒரு கதை, கிடைக்கலைன்னா இன்னொரு கதையா?" என்றாள். "நேத்து போன்ல நான் சொன்னேன் பாரு, அதோட என் கதை முடிஞ்சுது. மீதி ஓட்டல்காரன் கதை."

"எனக்கு முடிவு வேணுமே."

"உனக்கு வேணும்னா உன் கதையை முடி."

9.

இதை வெட்டுகிற மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மேஜை மேல் இரண்டு போன்கள். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது.

பத்து மணிக்கு அவளுடைய போன் அடித்தது. மெஷின்கள் நின்றன. பன்னிரண்டு வருடமாக அந்தப் போனை எடுத்தால் "சார் ஆபீஸ்" என்றுதான் சொல்வாள். இன்று வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஓனர் பேசறேன். சொல்லுங்க."

அந்தப் பக்கத்துப் பதிலை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாள். எழுதவில்லை. கேட்டுவிட்டுக் கத்தரியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள் என்பது மட்டும் என் கண்ணால் பார்த்தது. ஆனால் கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு என் போன் அடித்தது. ஆசிரியர்.

"மேடம் இருக்காங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரிய வேண்டுமானால் கதையின் தலைப்புக்குக் கீழே பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் பெயரும், பல் தெரிகிற போட்டோவும் இருந்தால், பயந்துவிட்டேன். என் பெயர் இருந்தால், அட்டையில் இப்போது ஒன்பது போட்டோக்களும், நிஜமான ஒருத்திக்கு ஓர் இடமும் இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால், நான் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அக்கா வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.